உளப்பிறழ்வு மருந்துகளும் ‘பக்கவிளைவு’ என்னும் கருத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

மருந்தொன்றின் விளைவுகளை முதன்மை விளைவு, பக்கவிளைவு என இரு கூறாக வகுத்துப் பேசுவது நமக்குப் பழகிப்போன வழக்காகும். ஆயின், உடலினுட் சென்ற இரசாயனப் பொருள் இவ்விரு கூற்றையும் வேறுபிரித்து அறிவதில்லை. தான் பற்றக்கூடிய இடங்களையெல்லாம் பற்றி அது தொழிற்படுகின்றது. அவ்விளைவுகளுள் எது விரும்பத்தக்கது, எது வேண்டாதது, எது பொறுத்துக்கொள்ளப்பட வேண்டியது என வகுப்போர் மனிதரே. எனவே ‘பக்கவிளைவு’ என்பது உடற்றொழிலியற் சொல்லாக இருக்கும் அளவுக்குச் சமூகத் தீர்ப்பொன்றினைச் சுமந்த சொல்லாகவும் உள்ளது. அத்தீர்ப்பு யாருடையது, எச்சூழ்நிலையில் வழங்கப்பட்டது, எக்காரணங்களாற் பின்னர் மாறியது என்னும் வினாக்கள் வரலாற்று மாணவனுக்கு உரியன.

சிசோபிரீனியா எனப்படும் மனச்சிதைவு நோய்க்கு 1952 முதலாக வழங்கப்பட்டுவரும் உளப்பிறழ்வு மருந்துகளின் வரலாறு இவ்வினாக்களை ஆராய்வதற்கு மிகவும் பொருத்தமானது. நோயாளரின் கைநடுக்கமும் முகவிறைப்பும் 1950களின் நடுப்பகுதியில் மருந்து வேலைசெய்கிறது என்பதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டன. 1970களில் அவை தவிர்க்கப்பட வேண்டிய தீங்குகள் என நீதிமன்றங்களில் எடுத்துரைக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் நோயாளரின் உடல் மாறிவிடவில்லை. அவ்வுடலை நோக்கிய பார்வையே மாறிற்று. தீங்கொன்று தீங்காக அறியப்படுவதற்குச் சென்ற காலம், பெரும்பாலும் அதனை அனுபவித்தவரின் சொல்லுக்குச் சான்று மதிப்பு வழங்கப்படுவதற்குச் சென்ற காலமே என்பதனை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மருந்து தோன்றிய சூழல்

இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மனநோயாளர் பெரும் மனநல விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். 1955இல் ஐக்கிய அமெரிக்காவின் அரச மனநல வைத்தியசாலைகளில் மாத்திரம் 5,50,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். அங்கு கிடைத்த சிகிச்சைகள் கடுமையானவை. 1930களில் சாக்கெல் புகுத்திய இன்சுலின் மயக்கச் சிகிச்சை, 1938இல் செர்லெற்றியும் பினியும் தொடக்கிய மின்னதிர்வுச் சிகிச்சை, 1935இல் எகாஸ் மொனிஸ் தொடக்கிய மூளை அறுவை ஆகியன அவற்றுள் முக்கியமானவை. மொனிஸின் அறுவைமுறைக்கு 1949இல் நொபெல் பரிசு வழங்கப்பட்டமை, அக்காலத்து மருத்துவ உலகம் எதனைச் சிகிச்சையாக ஏற்கத் தயாராக இருந்தது என்பதனை உணர்த்தும். புதிய மருந்துகளின் தீங்குகள் முதலில் ஏன் சிறியனவாகத் தோன்றின என்பதனை விளங்கிக்கொள்ள இப்பின்னணி அவசியமாகும். கட்டுண்டு கிடத்தலும் மூளை வெட்டுண்ணலும் மாற்று வழிகளாக இருந்தவிடத்துக் கைநடுக்கம் பெரிதாகத் தோன்றியிராது.

1950 டிசம்பரில் பிரான்சின் ரோன்-பூலங்க் நிறுவனத்தின் இரசாயனவியலாளர் போல் ஷார்பாந்தியே குளோர்ப்புரோமசீன் என்னும் பொருளைத் தொகுத்தார். ஒவ்வாமைக்கான மருந்துகளைத் தேடிய ஆய்வின் வழிவந்த பொருள் இது. கடற்படைச் சத்திரசிகிச்சை வைத்தியரான ஹென்றி லபோரி, அறுவைக்குள்ளாகும் நோயாளரின் அதிர்ச்சியைத் தணிப்பதற்கு இதனைப் பயன்படுத்தினார். மருந்தைப் பெற்றோர் உறங்கிவிடாமலே சுற்றியுள்ளவற்றில் அக்கறையற்றோராக மாறியதை அவர் அவதானித்தார். 1951 நவம்பரில் கோர்னேலியா குவார்ட்டி என்னும் உளமருத்துவர் இம்மருந்தைத் தம்முடலிற் செலுத்தச்செய்து, எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கும் உணர்வு தமக்கு ஏற்பட்டதை விவரித்தார். 1952இல் பாரிஸின் செயின்ற் ஆன் வைத்தியசாலையைச் சேர்ந்த ஷான் டிலேயும் பியர் டெனிகேரும் உளப்பிறழ்வு நோயாளரிடத்து இம்மருந்தின் பயனை முறையாக ஆராய்ந்து வெளியிட்டனர். லார்காக்ரில் என்னும் பெயரில் அது பிரான்சில் விற்பனைக்கு வந்தது. 1954இல் தோரசீன் என்னும் பெயரில் ஐக்கிய அமெரிக்காவிற் பரவியது.

இதே காலத்தில் வேறொரு வழியாகவும் ஒரு மருந்து வந்து சேர்ந்தது. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் இந்தியத் துணைக்கண்டத்தின் மரபு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1931இல் சென், போஸ் என்னும் இரு இந்திய மருத்துவர்கள், அது இரத்த அமுக்கத்தைத் தணிப்பதையும் பித்துற்றோரை அமைதிப்படுத்துவதையும் ஆய்விதழொன்றில் எழுதினர். மேலைநாட்டு உளமருத்துவம் அவ்வாய்வைப் பொருட்படுத்தவில்லை. 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரிசேர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நியூயோர்க் மாநிலத்தில் நேதன் கிளைன் அதனை மனநோயாளருக்கு வழங்கிப் பார்த்த பின்னரே அது ‘கண்டுபிடிப்பாக’ ஏற்கப்பட்டது. அறிவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அது அறிவாக ஏற்கப்படுகிறது என்பதற்கு இஃதொரு சான்று. நோயாளரின் சொல்லுக்கும் இதே கதி நேர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

2. தீங்கு அளவுகோலாக மாறுதல்

குளோர்ப்புரோமசீனையும் ரிசேர்ப்பினையும் பெற்ற நோயாளரிற் பலர் சில வாரங்களுள் ஒரே வகையான தோற்றத்தைக் கொண்டனர். முகம் உணர்ச்சி காட்டாது உறைந்தது. நடக்கும்போது கைகள் வீசப்படாமல் தொங்கின. அடிகள் குறுகின, விரல்கள் நடுங்கின, வாயில் எச்சில் ஊறி வழிந்தது. இவை பார்க்கின்சன் நோயின் அறிகுறிகளாகும். லோசான் நகரின் ஹான்ஸ் ஸ்டெக் 1954இல் இதனைத் தெளிவாக விவரித்தார். முதலாம் உலகப் போர்க் காலத்திற் பரவிய உறக்க மூளையழற்சியில் உயிர்தப்பியோரிடத்துக் காணப்பட்ட விறைப்பையும் மந்தத்தையும் இத்தோற்றம் மூத்த மருத்துவர்களுக்கு நினைவூட்டிற்று.

இரசாயனவியலில் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு பொருள்கள் ஒரே நோயைத் தணித்து, ஒரே இயக்கக்கேட்டையும் விளைவித்தமை பெரும் கவனத்தை ஈர்த்தது. இரண்டிற்கும் இடையே அவசியமான தொடர்பு உண்டென்ற முடிவுக்குப் பலர் வந்தனர். 1955இல் டிலேயும் டெனிகேரும் இவ்வகை மருந்துகளுக்கு ‘நியூரோலெப்ரிக்’ என்னும் பெயரைச் சூட்டினர். நரம்பைப் பற்றிப்பிடிப்பது என்பது அதன் பொருள். அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் இம்மருந்து வகைக்கு ஐந்து இலக்கணங்களை வகுத்தபோது, மேற்கூறிய இயக்கக்கேட்டை விளைவித்தலும் அவற்றுள் ஒன்றாயிற்று. அதாவது, பிற்காலத்தாற் பக்கவிளைவு எனப்பட்டது அன்று மருந்தின் வரைவிலக்கணத்துள் இடம்பெற்றிருந்தது.

ஜேர்மனியின் ஹாசே இக்கருத்தை அளவீடாக்கினார். மருந்து பெறும் நோயாளரை நாள்தோறும் ஒரே வாக்கியத்தை எழுதச் செய்து, எழுத்துகள் சிறுத்து நெருங்கத் தொடங்கும் கட்டத்தை அவர் ‘நியூரோலெப்ரிக் வாயில்’ என அழைத்தார். இவ்வாயிலை எட்டும் மருந்தளவே போதியது என்றும், அதற்கு மேற்பட்ட வெளிப்படையான விறைப்பு நோயாளருக்குப் பயன் தராது என்றும் அவர் கருதினார். ஆகவே ஹாசேயின் முறை உண்மையில் மருந்தைக் குறைந்த அளவில் நிறுத்துவதற்கான முறையாகும். ஆயினும் அன்றாட வைத்தியசாலை நடைமுறையில் அவரது கருத்தின் ஒரு பாதியே நிலைத்தது. நடுக்கம் தோன்றினால் மருந்து பற்றிவிட்டது எனக் கொள்ளப்பட்டது. அதற்கப்பால் நிறுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை மறக்கப்பட்டது.

இத்தொடர்பின் அடிப்படையை ஸ்வீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் துலக்கினார். ரிசேர்ப்பின் ஏற்றப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோப்பா என்னும் பொருளை வழங்க அவை மீண்டும் எழுந்து இயங்கியதை 1957இல் அவரும் உடனாய்வாளரும் காட்டினர். டோப்பமின் என்னும் மூளை இரசாயனத்தின் முதன்மையை இவ்வழியாற் கண்ட அவருக்கு 2000ஆம் ஆண்டில் நொபெல் பரிசு கிடைத்தது. 1970களின் நடுப்பகுதியில், இவ்வகை மருந்துகள் டோப்பமின் ஏற்பிகளை அடைக்கும் வலிமையும் அவற்றின் மருத்துவ வலிமையும் ஒத்துச் செல்வதனைச் சீமன், ஸ்னைடர் ஆகியோரின் ஆய்வுகள் நிறுவின. மாயக்குரல்களையும் திரிபெண்ணங்களையும் தணிக்கும் அதே அடைப்பு, மூளையின் வேறொரு பாதையில் உடலியக்கத்தைக் கட்டுப்படுத்தும் டோப்பமினையும் தடுக்கிறது. இரண்டும் ஒரே செயலின் இரு முகங்களே.

ஆயின் அளவு என்னும் வினா எஞ்சியது. 1970களிலும் 1980களிலும் ஹலோபெரிடோல் போன்ற வலிய மருந்துகளைப் பெருமளவில், விரைவாகச் செலுத்தும் முறை பல நாடுகளிற் பரவியிருந்தது. 1980களின் இறுதியில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் பார்டேயும் குழுவினரும் உயிருள்ள மனிதரின் மூளையைப் படம்பிடித்து ஆராயத் தொடங்கினர். அவ்வழிவந்த ஆய்வுகள், ஏற்பிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 65 அடைபட்டாற் பயன் கிடைக்கத் தொடங்குகிறது என்றும், நூற்றுக்கு 80ஐத் தாண்டுமிடத்து இயக்கக்கேடு மிகுகிறது என்றும் காட்டின. பேரளவு மருந்தாற் பெறப்பட்டது பெரும்பாலும் தீங்கின் மிகுதியே. ஹாசே எழுதுகோலும் தாளும் கொண்டு கூறியதை நிறுவுவதற்கு முப்பது ஆண்டுகளும் விலைமிக்க கருவியும் தேவைப்பட்டன.

3. கண்டும் காணாதிருந்த காலம்

இதுகாறும் கூறிய விறைப்பும் நடுக்கமும் மருந்தைக் குறைக்கத் தணிவன. ஆயின் நீண்டகாலப் பயன்பாட்டின் பின் வேறொரு கேடு தோன்றியது. உதடுகள் ஓயாது குவிந்து விரியும். நா வெளியே நீண்டு சுழலும். தாடை மெல்லுவதுபோல் அசையும். சிலரிடத்துக் கைவிரல்களும் உடற்பகுதியும் தாமாகவே நெளியும். மருந்தை நிறுத்திய பின்னரும் இவை பலரிடத்து நீடித்தன. 1957இல் ஜேர்மனியின் ஷோனெக்கர் குளோர்ப்புரோமசீன் பெற்ற நோயாளர் சிலரிடத்து இவ்வாயசைவுகளைக் கண்டு எழுதினார். 1960இல் டென்மார்க்கின் உர்பிராண்ட், போர்பியு ஆகியோர் 33 நோயாளரைப் பற்றி எழுதினர். 1964இல் போர்பியுவும் உடனாய்வாளரும் இதற்கு ‘டார்டிவ் டிஸ்கைனீசியா’ எனப் பெயரிட்டனர். பிந்தித் தோன்றும் இயக்கக்கேடு என்பது அதன் பொருள்.

ஐக்கிய அமெரிக்காவில் இதனை ஓயாது வலியுறுத்தியவர் ஜோர்ஜ் கிரேன் என்னும் மருத்துவர். 1968இல் அவர் அதுவரை வெளிவந்த எழுத்துகளைத் தொகுத்து ஆராய்ந்தார். 1973இல் ‘சயன்ஸ்’ இதழில், மருந்து யுகத்தின் இருபதாம் ஆண்டு நிறைவில், இக்கேடு புறக்கணிக்கப்படுவதைக் கண்டித்து எழுதினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் சிறப்புக் குழு இதுபற்றி விரிவான அறிக்கை தருவதற்கு 1970களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முதலாவது கட்டுரைக்கும் இவ்வறிக்கைக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. பழைய தலைமுறை மருந்துகளைப் பெறும் வயதுவந்தோரில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஐவர் அளவில் இக்கேடு புதிதாகத் தோன்றுகிறது என்பதனை ஜோன் கேன் குழுவினரின் தொடர் அவதானிப்பு பின்னர் நிறுவியது.

இத்தாமதத்துக்கான காரணங்களை மருத்துவரின் அலட்சியம் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடல் வரலாற்று நோக்காகாது. முதலாவதாக, இக்கேடு மருந்தினாலேயே மறைக்கப்படுகிறது. மருந்தின் அளவைக் கூட்ட அசைவுகள் தற்காலிகமாக அடங்குகின்றன, குறைக்க வெளிப்படுகின்றன. இதனால் காரணமே நிவாரணமாகத் தோன்றிற்று. இரண்டாவதாக, மருந்துகள் தோன்றுவதற்கு முன்னரே கிரெப்லின் முதலிய உளமருத்துவர் மனச்சிதைவு நோயாளரிடத்து முகச்சுளிப்பையும் விநோத அசைவுகளையும் விவரித்திருந்தனர். இவை நோயின் கூறுகளே என்ற வாதத்துக்கு இது துணைபோயிற்று. இவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. மருந்தே பெறாத நாட்பட்ட நோயாளரிடத்தும் இத்தகைய அசைவுகள் உளவென்பதனை 1982இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. 1996இல் மக்ரீடியும் தாராவும் உடனாய்வாளரும் சென்னையை மையமாகக் கொண்டு நிகழ்த்திய ஆய்வும் அதனையே உறுதிசெய்தது. ஆனால், நோயும் அசைவுகளை விளைவிக்கும் என்னும் உண்மை, மருந்தும் அவற்றை விளைவிக்கும் என்னும் உண்மையை மறுப்பதில்லை. ஒன்று மற்றொன்றுக்குத் திரையாகப் பயன்படுத்தப்பட்டமையே தவறாகும்.

மூன்றாவது காரணம் சமூகம் சார்ந்தது. இவ்வசைவுகள் முதலிற் காணப்பட்டோர் பெரும்பாலும் விடுதிகளில் நெடுங்காலம் கிடந்த முதியோர். அவர்களைப் பார்க்க வருவோர் அரியர். அவர்களது உதட்டசைவு விடுதியின் சுவரைப்போலப் பழகிய காட்சியாயிற்று. நோயாளர் விடுதிகளை விட்டு வெளியேறித் தெருக்களிலும் வேலைத்தலங்களிலும் உறவினர் மத்தியிலும் வாழத் தொடங்கிய பின்னரே, முகம் கோணி அசைவது ஒருவரின் தொழிலையும் மணவாழ்வையும் மதிப்பையும் பறிப்பது என்பது வெளிப்பட்டது. விடுதிக்குள் அறிகுறியாக இருந்தது வெளியே வாழ்க்கைக் கேடாயிற்று.

4. நோயாளியின் சொல்

கண்ணுக்குத் தெரிந்த கேட்டுக்கே இந்நிலை என்றால், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத கேட்டின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. ‘அக்கதீசியா’ என்னும் சொல்லை 1901இல் பிராக் நகரின் ஹஷ்கோவெக் ஆக்கினார். அவர் கண்ட நோயாளர் மருந்து யுகத்துக்கு முந்தியோர். உட்கார முடியாமை என்பது அச்சொல்லின் பொருள். நம் பேச்சுவழக்கில் உள்ள ‘இருப்புக்கொள்ளாமை’ என்னும் சொல் அதனைச் செம்மையாக உணர்த்தும். உளப்பிறழ்வு மருந்து பெற்றோரிற் பலர் இந்நிலைக்கு ஆளாயினர். கால்கள் ஓயாது மாறி மாறி நடக்கத் தூண்டும். ஆயின் வேதனை காலில் மட்டும் இருப்பதில்லை, உள்ளேயே தங்கும். வெளியிலிருந்து நோக்குபவருக்கு அது நோயின் கிளர்ச்சியாகவே தோன்றும். கிளர்ச்சிக்கு மருந்து கூட்டப்படும். கூட்டிய மருந்தால் இருப்புக்கொள்ளாமை மேலும் பெருகும்.

நோயாளர் ஏன் மருந்தை மறுக்கின்றனர் என்ற வினாவுக்கு நெடுங்காலமாகத் தரப்பட்ட விடை, அவர்களுக்குத் தம் நோய் பற்றிய தெளிவு இல்லை என்பதே. 1974இல் அமெரிக்க மருத்துவர் தியடோர் வான் பற்றென் இவ்வினாவை மறுபடியும் எழுப்பினார். இரு ஆண்டுக் காலம் அவர் அவதானித்த 85 நோயாளரில் நூற்றுக்கு 46 பேர் விதிக்கப்பட்ட அளவிலும் குறைவாகவே மருந்தை உட்கொண்டனர். அவ்வாறு தயங்கியோரிடத்து இயக்கக்கேடு, குறிப்பாக எளிதிற் புலப்படாத இருப்புக்கொள்ளாமை, மிகுந்திருந்தது. மறுப்பு என்பது ஒருவகைச் சாட்சியமாகும் என்பதனை உளமருத்துவ இலக்கியத்தில் நிலைநாட்டிய ஆய்வுகளுள் இது முக்கியமானது.

மூன்று ஆண்டுகளின் பின், 1977இல், பெல்மேக்கர், வால்ட் என்னும் இரு மருத்துவர்கள் தம் நாளங்களில் ஐந்து மில்லிகிராம் ஹலோபெரிடோலைச் செலுத்தி அனுபவத்தை எழுதினர். பத்து நிமிடங்களுள் எண்ணமும் அசைவும் மந்தமாயின. அதனோடு கடுமையான உட்பதற்றம் தோன்றியது. இருவராலும் தொழிலைத் தொடர முடியவில்லை. இக்கட்டுரை இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது. அதில் உள்ள செய்தி புதியதன்று. ஆயிரக்கணக்கான நோயாளர் ஹலோபெரிடோல் பெற்ற நாள்தொட்டுக் கூறிவந்ததே. வெள்ளை மேலங்கி அணிந்தவர் கூறியபோது அது சான்றாயிற்று.

இம்மருந்துகளின் வேதனை அரசியல் அரங்கில் வெளிப்பட்டதும் இதே காலப்பகுதியிலேயே. சோவியத் ஒன்றியத்தில் அரசை விமர்சித்தோர் மனச்சிதைவு நோயாளர் என முத்திரை குத்தப்பட்டு விசேட மனநல வைத்தியசாலைகளில் அடைக்கப்பட்டனர். 1971இல் விளாடிமிர் புக்கோவ்ஸ்கி இதற்கான ஆவணங்களை மேற்கு நாடுகளுக்கு அனுப்பினார். நீப்ரோபெட்ரோவ்ஸ்க் வைத்தியசாலையில் ஹலோபெரிடோல் பெற்ற உக்ரேனியக் கணிதவியலாளர் லியோனிட் பிளியுஷ், 1976இல் விடுவிக்கப்பட்டுப் பாரிஸ் வந்து தம் அனுபவத்தை உலகறியச் செய்தார். பிரெஞ்சு இடதுசாரிகளும் அவருக்காகக் குரல் கொடுத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. 1977இல் ஹொனலூலுவிற் கூடிய உலக உளமருத்துவச் சங்கம் இத்துர்ப்பிரயோகத்தைக் கண்டித்தது.

சோசலிசத்தின் மீது பற்றுக்கொண்டோர் இவ்வரலாற்றைக் கசப்பானது என்பதற்காகத் தவிர்த்துவிட முடியாது. அதேவேளை, அதனைப் பகைவரின் குற்றமாக மாத்திரம் கண்டோரும் முழு உண்மையைக் கண்டோரல்லர். சிறைப்பட்ட எதிர்ப்பாளரிடத்துச் சித்திரவதை எனப்பட்ட இருப்புக்கொள்ளாமை, மேலை நாடுகளின் சாதாரண நோயாளரிடத்துச் சிறு தொல்லை என்று குறிக்கப்பட்டு வந்தது. 1975இல் பொஸ்ரன் அரச வைத்தியசாலையின் நோயாளர் தம் விருப்புக்கு மாறாக மருந்தேற்றப்படுவதற்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 1979இல் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கிடைத்தது. நியூ ஜேர்சியில் 1978இல் தீர்க்கப்பட்ட ரெனி வழக்கும் மருந்தை மறுக்கும் உரிமையை வரையறையுடன் ஏற்றது. முன்னாள் நோயாளர் தாமே அமைப்புகளை நிறுவிக்கொண்டதும், அவர்களுள் ஒருவரான ஜூடி சேம்பர்லின் 1978இல் நூலொன்றை வெளியிட்டதும் இக்காலத்தனவே. நோயாளர் ஆய்வுப் பொருளாக இருந்த நிலை மாறி, வரலாற்றிற் பங்குகொள்வோராக எழுந்தனர்.

5. புதிய மருந்துகளும் இடம்மாறிய தீங்கும்

இயக்கக்கேடு இல்லையேல் மருந்துப் பயனும் இல்லை என்ற கொள்கையைத் தகர்த்தது குளோசப்பீன். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலுள்ள வாண்டர் நிறுவனத்தில் 1950களின் இறுதியில் தொகுக்கப்பட்ட இம்மருந்து, விறைப்பையோ நடுக்கத்தையோ பெரிதும் விளைவிக்கவில்லை. அதனாலேயே அது உண்மையான உளப்பிறழ்வு மருந்துதானா எனப் பலர் ஐயுற்றனர். தீங்கைப் பயனின் அளவுகோலாக்கிய கொள்கை, தீங்கு குறைந்த மருந்தை இனங்காணத் தடையாக நின்றது. ஆயின் அதற்கும் ஒரு விலை இருந்தது. 1975இல் பின்லாந்தில் குளோசப்பீன் பெற்றோர் சிலரின் வெண்குருதி அணுக்கள் வீழ்ச்சியுற, எட்டுப் பேர் இறந்தனர். பல நாடுகளில் மருந்து நிறுத்தப்பட்டது அல்லது கட்டுப்படுத்தப்பட்டது. 1988இல் கேனும் குழுவினரும், வேறு மருந்துகளாற் பயன்பெறாத 268 நோயாளரிடத்து அதனை ஆராய்ந்தனர். குளோசப்பீன் பெற்றோரில் நூற்றுக்கு 30 பேரும் குளோர்ப்புரோமசீன் பெற்றோரில் நூற்றுக்கு 4 பேரும் தேறினர். கிரமமான இரத்தப் பரிசோதனை என்னும் நிபந்தனையுடன் அது மீண்டும் வழக்குக்கு வந்தது.

இவ்வெற்றியைப் பின்பற்றி 1990களில் ரிஸ்பெரிடோன், ஒலான்சப்பீன், குவெற்றியப்பீன் முதலியன சந்தைக்கு வந்தன. இவை தீங்கற்ற புதிய தலைமுறை என விளம்பரப்படுத்தப்பட்டன. இயக்கக்கேடு குறைந்தது உண்மையே. ஆனால் உடல் பருத்தல், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு மிகுதல் ஆகியன, சிறப்பாகக் குளோசப்பீனாலும் ஒலான்சப்பீனாலும், பெருகின. தீங்கு முகத்திலிருந்து இரத்தத்துக்கு இடம்பெயர்ந்தது. உதட்டசைவைத் தெருவில் நிற்பவரும் காண்பர். இரத்தத்தில் ஏறும் சீனியைக் காண்பார் இலர். 2003இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்புதிய மருந்துகள் அனைத்திலும் நீரிழிவு பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்குமாறு பணித்தது. 2005இல் வெளியான கேற்றி ஆய்வில் 1,493 நோயாளர் பங்குபற்றினர். அவர்களில் நூற்றுக்கு 74 பேர் பதினெட்டு மாதங்களுக்குள் தமக்கு வழங்கப்பட்ட மருந்தைக் கைவிட்டனர். பழைய மருந்தான பெர்பெனசீன் பெரும்பாலான புதியவற்றுக்குச் சளைக்காது நின்றது. 2009இல் எலி லில்லி நிறுவனம், ஒலான்சப்பீனை அனுமதிக்கப்படாத தேவைகளுக்காக ஊக்குவித்த குற்றத்தை ஏற்று 141.5 கோடி டொலர் செலுத்த இணங்கியது. தீங்கு பற்றிய அறிவு எவ்வேகத்திற் பரவுகிறது என்பதனை இலாபமும் தீர்மானிக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2017இல் டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கென வல்பெனசீன், டியூட்டெட்ராபெனசீன் என்னும் இரு மருந்துகள் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ரிசேர்ப்பின் தாக்கிய அதே டோப்பமின் சேமிப்புப் பொறிமுறையையே இவையும் கட்டுப்படுத்துகின்றன. சர்ப்பகந்தி வேரிலிருந்து தொடங்கிய அறிவு, அறுபது ஆண்டுகளின் பின், மருந்து விளைத்த கேட்டுக்கு மருந்தாகத் திரும்பி வந்தது. ஆயின் அது விலைமிக்க பண்டமாகவே வந்தது. 2024இல், டோப்பமின் ஏற்பிகளை நேரடியாக அடைக்காத சனோமெலின்-ட்ரொஸ்பியம் என்னும் கூட்டு மருந்தும் அங்கு அனுமதிக்கப்பட்டது. அதன் நீண்டகால வரலாறு இனித்தான் எழுதப்படவேண்டும்.

6. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மருந்துகளையே நிராகரிக்கும் முடிவுக்கு வருவோர் உளர். 1960களில் எழுந்த உளமருத்துவ எதிர்ப்பியக்கம் அதிகாரத்தைக் கேள்விக்குட்படுத்தியதில் நற்பணி ஆற்றியது. ஆயின் மனச்சிதைவு நோயின் துன்பம் மருந்தால் உண்டான கற்பிதமன்று. 2012இல் லொய்ஷ்ற் குழுவினர் 65 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, மருந்தைத் தொடர்ந்தோரில் ஓராண்டுள் நூற்றுக்கு 27 பேருக்கும், வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டோரில் நூற்றுக்கு 64 பேருக்கும் நோய் மீண்டமை தெரியவந்தது. நோய் மீளும்போது சிதைவது ஒருவரின் உள்ளம் மாத்திரமன்று. கல்வியும் தொழிலும் குடும்பத்தின் சேமிப்பும் சேர்ந்தே சிதைகின்றன. வறிய குடும்பத்துக்கு மருந்தற்ற சுதந்திரம் என்பது பெரும்பாலும் கதவடைக்கப்பட்ட அறையே. ஆகவே பயனை மறைத்துத் தீங்கைப் பேசுவதும், தீங்கை மறைத்துப் பயனைப் பேசுவதும் நோயாளரை வஞ்சித்தலாகும்.

உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குளோர்ப்புரோமசீன், புளூபெனசீன், ஹலோபெரிடோல் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. மலிவான இப்பழைய மருந்துகளே வளம் குறைந்த நாடுகளின் நோயாளருக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வந்துள்ளன. எனவே இயக்கக்கேடு பற்றிய வினா அந்நாடுகளிற் கடந்தகால வினாவன்று. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு விலைமிக்க கருவிகள் தேவை என்பதும் இல்லை. அசாதாரண அசைவுகளை மதிப்பிடுவதற்காக 1976இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் வழியே வெளியான அளவுகோலுக்குத் தேவைப்படுவது கைப்பிடியற்ற உறுதியான நாற்காலி ஒன்றும் சில நிமிட நேரமுமே. நோயாளியை அமரச் செய்து, நாவை நீட்டச் செய்து, விரல்களைத் தட்டச் செய்து, நடக்கச் செய்து பார்த்தால் போதும். அவ்வளவுகோலில் இன்னொரு வினாவும் உண்டு. அவ்வசைவுகளை நோயாளி தாமே உணர்கிறாரா, அவை அவரை வருத்துகின்றனவா என்று மருத்துவர் கேட்டறிந்து குறிக்க வேண்டும்.

ஏழு தசாப்தங்களின் வரலாறு இவ்வொரு வினாவின் முதன்மையையே நிறுவுகின்றது. நடுக்கத்தைக் குணமாகக் கொண்ட காலத்திலும், உதட்டசைவை நோயாகக் கொண்ட காலத்திலும், இருப்புக்கொள்ளாமையைக் கிளர்ச்சியாகக் கொண்ட காலத்திலும் நோயாளர் பேசிக்கொண்டே இருந்தனர். அவர்களது சொல் நோயின் குரலாகக் கேட்கப்பட்டதேயன்றி மனிதரின் குரலாகக் கேட்கப்படவில்லை. எந்த மருந்து, எந்த அளவு, எந்தத் தீங்கைப் பொறுக்கலாம், எதனைப் பொறுக்கலாகாது என்னும் தீர்மானங்களில் அம்மருந்தைத் தன்னுடலிற் சுமப்பவனுக்கு உரிய இடம் வழங்கப்படும்போதே, ‘பக்கவிளைவு’ என்னும் சொல் ஒருதலைப்பட்சமான தீர்ப்பாக இருப்பதை விட்டு அறிவியற் சொல்லாகும்.